குச்சவெளியில் இறங்குங்கள்

திருகோணமலைக்கு வருகிற உல்லாசப் பயணிகள் கோணேசர் மலையில் படம் எடுப்பார்கள், நிலாவெளிக் கடலில் நனைவார்கள், பிறகு வான் வண்டியில் ஏறித் தூங்கிவிடுவார்கள். குச்சவெளி அவர்களுக்கு யன்னலுக்கு வெளியே ஓடுகிற ஊர். சுஹைராவுக்கு அதில் தீராத கோபம். கடலோரத்து உப்பு ஏரியான களப்பின் உள்ளே, கண்டல் மரங்களுக்கு அப்பால், பூநாரைகள் கூட்டமாக மேய்வதை இறால் பிடிக்கப் போகும்போதெல்லாம் காண்கிறவள் அவள். காட்டியே தீர்வது என்று ஒரு தோணியைத் திருத்தி எடுத்தாள்.

அன்புவழிபுரத்து இராகுலன் பயணிகளை வானில் கூட்டித் திரிபவர். அவள் விடாமல் கேட்டதில் ஒரு நாள் குச்சவெளியில் நிறுத்தினார். அன்று ஊரின் நல்ல மனமே காரியத்தைக் கெடுத்தது. வாசலைத் தாண்டும் விருந்தாளியை வாய் நனைக்காமல் விட எங்கள் ஆட்களுக்கு வராது. ஒரு வீட்டில் தேத்தண்ணீர், அடுத்த வீட்டில் வட்டிலப்பம். களப்படியில் இருக்கும் ஸாலிஹா, சுஹைராவின் கணவருக்கு மூத்த சகோதரி, சோறே போட்டுவிட்டார். எல்லாரும் கை கழுவி எழும்பும்போது காற்றும் எழும்பிவிட்டது. தோணி இறக்க முடியவில்லை.

"இன்னொருக்கா வாறன் தங்கச்சி. அதுவும் சரிவராட்டி பிறகு என்னைக் கேக்காதீங்க" என்றார் இராகுலன்.

சுஹைரா வீடு வீடாகப் போனாள். "களப்புக்குப் போகுமட்டும் என்ர ஆக்களை ஒருத்தரும் கூப்பிடக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு சம்மதித்தார்கள். ஸாலிஹா கொதித்துப்போனார்.

"என்ர வாசலால விருந்தாளி வெறும் வயித்தோட போறதோ? அப்பிடி நடந்தா இனி இந்தப் படி மிதிக்காத, புள்ள."

அடுத்த முறை இராகுலனின் வான் விடியவே வந்தது. ஸாலிஹா விட்டுக்கொடுக்காமல் படலையைத் திறந்துவைத்து, வாய் நிறையச் சிரித்து அழைத்தார். ஒரு பயணியின் கால் அந்தப் பக்கம் திரும்பியும் விட்டது. சுஹைரா குறுக்கே போய் நின்றாள்.

"கோவிக்காதீங்க மதினி. முதல்ல களப்பு."

படலை படாரென்று சாத்தப்பட்டது. சுஹைரா திரும்பிப் பார்க்கவில்லை, கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினாள்.

கண்டல் மரங்களைக் கடந்ததும் பூநாரைகள். ஆழமில்லாத தண்ணீரில் எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பு. படம் எடுக்க வந்தவர்கள் எடுக்க மறந்து இருந்தார்கள். காற்று எழும்புமுன் கரை சேர்ந்தபோது இராகுலன், "இனிச் சனிக்கிழமைகளில இங்க நிப்பாட்டுறன்" என்றார்.

சுஹைரா "ஓம்" என்று மட்டும் சொன்னாள். அத்தனை பேரையும் நேரே ஸாலிஹாவின் வாசலுக்குக் கூட்டிப்போய், சாத்திய படலைக்கு முன்னால் மணலில் இருத்தி, தானும் இருந்தாள்.

"மதினி! ஒருத்தரும் இன்னும் சாப்பிடல்ல. நீங்க திறக்குமட்டும் எழும்பமாட்டம்!"

குசினிப் பக்கம் சட்டியொன்று உருண்டது. படலை திறந்தது.

"பசியோட வந்த சனத்தை வெயிலுக்க இருத்தி வெச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா? உள்ள கூட்டிக்கொண்டு வா!"