கொம்பன் ஆந்தையின் திட்டு

கடலூரில் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் பிரிசில்லா, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் கேப்பர் மலைக்குப் போய்விடுவார். மழை அறுத்த செம்மண் ஓடைகள் அங்கே பனை ஆழத்துக்கு இறங்கும். ஓடைச் சுவரின் திட்டு ஒன்றில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிப்பதை ஆறு வருடமாகப் பார்த்து வந்தார். எண்ணிய பறவைகளின் பட்டியலைப் பறவை பார்ப்போர் குழுவில் போடுவார். கூடு இருக்கும் இடத்தை மட்டும் காட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மூன்று குஞ்சுகளைக் கண்ட மகிழ்ச்சியில், ஒரே ஒரு முறை இடம் காட்டும் மேப்பை நீக்காமல் படத்தைப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் போனபோது, ஓடை விளிம்பில் இருந்த முந்திரி மரத்தில் கயிறு கட்டியிருந்தது. ஒருவன் கம்போடு காவல் நின்றான். அவன் காலடியில் தாய் ஆந்தை, ஒடிந்த சிறகை மண்ணில் இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொருவன் கயிற்றில் தொங்கியபடி குஞ்சுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

"மேல யாரு மச்சான்?" என்றான் தொங்கியவன்.

"ஒரு அக்கா. கழுத்துல பைனாகுலர் மாட்டிகினு நிக்குது."

"போட்டோ புடிக்க வந்திருக்கும். சிரிக்கட்டுமான்னு கேளு."

"உடுங்கடா அத!" என்று கத்தினார் பிரிசில்லா.

"நீதானக்கா எடம் காட்டுன? அமாவாசை மாந்திரீகத்துக்குக் கேக்குறாங்க. பேசாம போயிடு" என்றான் காவல் நின்றவன்.

அவர் போனை எடுத்ததும் கம்பு மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அடுத்த அடி காதில். விழுந்த இடத்தில் அகப்பட்ட கல்லை இடது கையால் கீழே எறிந்தார். அது தொங்கியவனின் தோளில் பட்டது. பிடி விட்டு, சாக்கோடு விழுந்தான்.

காவல்காரன் ஓடிவிட்டான். பிரிசில்லா சறுக்கிச் சறுக்கி இறங்கினார். விழுந்தவனின் தொடை எலும்பு வெளியே தெரிந்தது.

"யக்கா, ஆம்புலன்ஸ்..."

அவர் முதலில் அவனுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்து அவிழ்த்தார். மூன்றும் நசுங்கியிருந்தன. அதன் பிறகே நூற்றெட்டுக்கு அடித்தார்.

கல் தானாக உருண்டது என்று சொல்லும்படி வக்கீல் சொல்லிக்கொடுத்தார். பிரிசில்லா "நான்தான் எறிஞ்சேன்" என்றே போலீசில் எழுதிக் கொடுத்தார். துணிச்சல் என்றார்கள் குழுவில். பொருத்தமான சொல் அல்ல. காக்க எறிந்த கல்லே குஞ்சுகளைக் கொன்றது என்பது அவருக்குத் தெரியும்.

தாயும் அன்றே செத்தது. ஆண் ஆந்தை பிறகு வரவில்லை. போன இடத்தில் பறவை இல்லையென்றாலும் அதையும் பதிய வேண்டும் என்பது குழுவின் இன்னொரு வழக்கம். அடுத்த ஞாயிறு, மாவுக்கட்டுக் கையோடு போய் உட்கார்ந்து எழுதினார்: கொம்பன் ஆந்தை, பூஜ்யம். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் மேப்பையும் சேர்த்தே போட்டார்.