பென்சிலால் எழுதியவர்

எண்பதுகளில் மலேசியாவில், ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணி, கணக்கெழுதுபவன். ரப்பர் மரங்களை அழித்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போவதாகச் செய்தி பரவியிருந்தது. வேலை இழக்கப்போகிறவர்களில் யாருக்கு, ராவாங் நகரத்துத் தொழிற்சாலை வேலைகளுக்கு என்ன பயிற்சி தரலாம் என்று கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியானவர். பேனாவைத் தொடமாட்டார், காதில் பென்சில், பையில் அழிப்பான்.

அதிகாரி எதைக் கேட்டாலும் "ஒன்னும் தெரியாதுங்க" என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. நாற்பத்தொரு பேர் அப்படியே சொன்னார்கள். திறன் என்ற கட்டத்தில் நாற்பத்தொரு 'இல்லை' விழுந்தது. திறன் இல்லையென்றால் பயிற்சியும் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்து வந்த பால்வெட்டும் பெண்ணும் அதையே சொன்னாள்.

"பட்டைய எவ்வளவு ஆழம் வெட்டுவீங்கம்மா?" என்றார்.

"மயிரிழைதான் சார். கூடப் போனா மரம் புண்ணாயிடும்லா. நான் இருட்டுலயே வெட்டுவேன்."

"அப்புறம் ஒன்னும் தெரியாதுங்கிறீங்க?"

"அது வேல சார். தெரியிறதுன்னா படிப்புதானே?"

அவர் அழிப்பானை எடுத்தார். நாற்பத்தொரு பேரையும் மறுபடி கூப்பிடச் சொன்னார்.

அவர்கள் பால்வெட்டிய மரங்களைப் பதினெட்டு வருடம் எண்ணியவன் நான். என் பதிவேட்டில் எல்லோர் பெயருக்கும் எதிரே 'கூலியாள்' என்றுதான் இருந்தது. பேனாவால் எழுதியிருந்தேன்.