அண்ணனுக்காக நான் அடிச்ச சட்டை

விஞ்ஞானக் கதையில வர்றதையெல்லாம் நிசத்துல செஞ்சு பார்க்கற கிறுக்கு ஒண்ணு எனக்கு உண்டுங்க. லைப்ரரி புஸ்தகம் படிச்சுப் புடிச்ச கிறுக்கு. ஒருவேளைச் சோத்துக்கு ஒரே ஒரு மாத்திரை போதும்னு ஒரு கதையில வந்துச்சு. எள்ளு, கடலை, கருப்பட்டியெல்லாம் இடிச்சு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, மத்தியானச் சோத்துக்குப் பதிலா முழுங்கிட்டு வேலைக்கு நின்னேன். மூணு மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போட்டு, பக்கத்து டேபிள் அக்காளோட தயிர்சோத்துல கை வெச்சுட்டேன். மனசாலயே சேதி அனுப்பறது இன்னொரு கதை. கலர் கலக்கறப்ப அதே அக்காளுக்கு ‘நீலம் போதும்’னு கண்ணை மூடி அனுப்பிச்சேன். அவ இன்னொரு கரண்டி நீலத்தை ஊத்துனா. வாய் இருக்கறப்ப மனசை எதுக்கு வேலை வாங்கோணும்னு அதையும் விட்டுட்டேன்.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில, பிரிண்டிங் செக்சன்ல கலர் கலக்கறது எனக்கு வேலை. எங்கண்ணன் அதே கம்பெனியில அயர்ன் மாஸ்டர். அயர்னிங் செக்சனுக்கு மேல தகரக்கூரை. ஆறு டேபிள், ஆறு நீராவிப் பெட்டி, ஒரு ஃபேன் கிடையாது. போட்டா மடிச்சு வெச்ச பீஸ் பறக்குமாமா.

போன சித்திரையில ஒரு நாள் மத்தியானம் அண்ணன் நின்ன இடத்துலயே சரிஞ்சு விழுந்துட்டாரு. நான் ஓடிப்போய் மூஞ்சியில தண்ணி தெளிச்சு உக்கார வெச்சேன். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துட்டு, அத்தனை பேருக்கும் முன்னால, “காலங்காத்தாலயே ஊத்தீட்டு வந்தா இப்படித்தானுங்க ஆகும்”னாரு. எங்க ஊர்ல கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பாங்க.

எங்கண்ணன் டீயைக்கூடத் தொடாத மனுசன். ஆனா ‘குடித்துவிட்டு வேலைக்கு வந்தது என் தவறு’ன்னு டைப் அடிச்ச பேப்பர் ஒண்ணு ஆபீஸ்ல இருந்து வந்துருச்சு. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டாத்தான் வேலை. ஊட்டுக்கு வந்து அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாரு: “போட்டுத் தொலைச்சுடறேன் கண்ணு. பனைமரத்தடியில நின்னு பால் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்க.”

“நீங்க பனைமரத்தடிக்கே போகலையேண்ணா”ன்னேன். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அவரு கையெழுத்துப் போட்டுட்டா, அவரு பேரு அத்தோட போச்சு.

உடம்புல நடக்கறதை வெளியில காட்டற சட்டை ஒண்ணு எப்பவோ படிச்ச கதையில வந்துச்சு. அது அன்னைக்கு ஞாபகத்துக்கு வந்துச்சு. எங்க கலர் அலமாரியில, சூடு பட்டா மறையற கறுப்பு மை சாம்பிள் டப்பா மூணு கிடந்துது. ஏதோ குழந்தைச் சட்டை ஆர்டருக்கு வரவழைச்சது. ஆர்டர் வரலை, டப்பா மட்டும் தங்கிப்போச்சு. சூடு ஏறுனா கறுப்பு மறைஞ்சு அடியில இருக்கறது தெரியும், ஆறுனா திரும்பக் கறுத்துக்கும்.

சேதாரம்னு கழிச்சுப் போட்ட வெள்ளைச் சட்டையோட முதுகுல சிவப்பு மையில ரெண்டே வார்த்தை அடிச்சேன்: ‘நான் குடிக்கலீங்க.’ ‘ங்க’வை விடலை. மேனேஜர் மரியாதையா அடிச்சாரு, நானும் மரியாதையாவே திருப்பி அடிக்கோணுமில்ல. அதுக்கு மேல கறுப்பைப் பூசி மறைச்சேன்.

முதல் சட்டையை நானே கெடுத்தேன். பிரிண்ட் அடிச்சா அடுத்து சூட்டு மெஷின்ல உட்டுத்தான் காய வைப்போம், அது கையோட ஊறுன பழக்கம். யோசிக்காம உட்டுட்டேன். உள்ள இருந்த சூட்டுல மையே செத்துப்போச்சு. பொறவு எவ்வளவு சூடு காட்டியும் கறுப்பு அசையலை. சூட்டைச் சொல்லற சட்டையைச் சூட்டுலயே போட்டுக் கொன்ன புத்திசாலி நாந்தான்.

ரெண்டாவதை நிழல்ல காய வெச்சேன். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தா, நிழல்லயே கறுப்பு பாதி காணாமப் போயிருந்துது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், முப்பத்தொரு டிகிரின்னு போட்டிருந்துது. குளிர் நாட்டுக்காரனுக்குன்னு செஞ்ச மை. எங்க ஊரு நிழலே அதுக்குக் காய்ச்சல்.

மூணாவது டப்பா வேற ரகம், நாப்பது டிகிரிக்குப் பக்கத்துல மறையறது. கறுப்பு நிழல்ல நின்னுது. அயர்ன் பெட்டிக்குப் பக்கத்துல புடிச்சேன், சிவப்பு எழுத்து தெரிஞ்சுது. எடுத்தேன், மறுபடி கறுத்துக்கிச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

முதல்ல அண்ணனுக்கு மட்டும் ஒண்ணுதான் அடிச்சேன். அண்ணனுக்குப் பக்கத்து டேபிள் வடக்கத்தி மாஸ்டர் என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில சொன்னேன். போன வருசம் தானும் விழுந்ததாகவும், தன்னையும் இதேதான் சொன்னாங்கன்னும் அவரு சொன்னாரு. தனக்கும் ஒண்ணு வேணும்னாரு. அதைக் கேட்டுட்டு மத்த நாலு பேரும் வந்து நின்னாங்க.

திங்கக்கிழமை காலையில ஆறு முதுகும் கறுப்பு. பன்னெண்டு மணிக்கு ஓரத்துல வெளுக்க ஆரம்பிச்சுது. ரெண்டு மணிக்கு மேனேஜர் பேப்பரும் பேனாவுமா உள்ள வந்தாரு. டேபிளெல்லாம் சுவத்தைப் பார்த்துத்தான் இருக்கும், அதனால அவரு கண்ணுல முதல்ல பட்டதே முதுகுதான். ஆறு முதுகுலயும் சிவப்பா அதே ரெண்டு வார்த்தை.

சித்தெ நேரம் நின்னு படிச்சாரு. பொறவு, “என்னங்க இது வெளையாட்டு? மொதல்ல சட்டையைக் கழட்டுங்க”ன்னாரு.

ஒருத்தரும் திரும்பலை. நான் வாயைத் தொறக்கப் போனேன், அண்ணன் கை காட்டி நிறுத்திட்டாரு. அத்தனை நாளும் தலையைக் குனிஞ்சே வந்துட்டுப் போன மனுசன், பெட்டியை ஓரமா வெச்சுட்டு, திரும்பி மேனேஜர் கண்ணைப் பார்த்தாரு.

“எதுக்குங்க கழட்டோணும்? ஒரு ஃபேன் போடுங்க, எழுத்து தானா மறைஞ்சுரும்.”

பேப்பர் கையெழுத்தில்லாமயே திரும்பிப் போச்சு. அந்த வாரமே ஃபேனும் வந்துருச்சு. பீஸ் ஒண்ணும் பறக்கலை. மன்னிப்பு மட்டும் இன்னும் வரலைங்க. அதனால அண்ணன் அந்தச் சட்டையை இன்னமும் போட்டுட்டுத்தான் வேலைக்கு வர்றாரு.