அடி வாங்கிய சீரியல் மருமகள்

காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன் நான். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காமலே மண்டி வைத்தேன். ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு கட்டினேன். அந்த வீட்டில்தான் டிவி சீரியல் எடுத்தார்கள். மருமகளாக நடித்த ஒல்லிப் பெண், மாமியாரிடம் கன்னத்தில் அடி வாங்கும் ஒவ்வொரு முறையும் பவுடரைச் சரிசெய்துகொண்டு அடுத்த அடிக்கு வந்து நிற்பாள்.

“திருப்பி ஒண்ணு குடேம்மா,” என்றேன்.

“குடுத்தா ஜனங்க வில்லின்னு திட்டுவாங்க ஐயா. வாங்கிக்கிட்டாத்தான் நல்ல மருமக.”

என் வீட்டில் பெண்ணை அடிக்கக்கூடாது என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். அவள்தான் என்னைத் தூண்டிவிட்டாள் என்று நினைத்து, மன்னார்புரத்தில் வேறு வீடு பிடித்து, கதையில் அவளைச் சாகடித்துவிட்டார்கள். இப்போது அந்த சீரியலில் மாலை போட்ட படமாகத் தொங்குகிறாள். பிழைப்புக்கு என்ன செய்கிறாளோ, தெரியவில்லை.

டைரக்டர் இதைப் படிக்கட்டும். தடுத்தது நான். அவளுக்கு அதில் பங்கில்லை. அந்தப் பழியை என் பெயரில் எழுதட்டும்.