வரப்பில் பழகிய லத்தீன்

எனக்கு ஆம்பளைத் தொண்டை. திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர் என் மூத்த நாத்தனார். என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார். வருஷக்கணக்கில் அசைத்தேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

புதிதாக வந்த ஃபாதர் ஒரு லத்தீன் மாதா பாட்டைக் கொண்டுவந்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன், இங்கிலாந்தில் டியூடர் ராஜாக்கள் காலத்தில் எழுதியது. கீபோர்டு கிடையாது. நான்கு குரல், நான்கும் தனித்தனி வழியில் போகும். கீழ்க்குரலுக்கு ஆண்கள் போதவில்லை. பாதிப் பேர் சென்னையில் கட்டட வேலையில். ஃபாதர் என்னைப் பாடச் சொன்னார். நாங்கள் பாடப்போகும் விழுப்புரம் கோயில் திருநாளுக்குள் சரியாக வராவிட்டால் பழைய பாட்டுக்கே போய்விடலாம் என்றும் சொன்னார். அப்புறம் நான் மறுபடி வாயசைக்க வேண்டியதுதான்.

சரியாக வரவே இல்லை. நாங்கள் களைவெட்டுக்குப் போகிறவர்கள். ஒருத்தி பாட்டெடுத்தால் மற்றவர்கள் அதையே பிடித்துக்கொள்வோம். நாத்தனார் மேல்குரலைத் தொடங்கியதும் மொத்தப் பேரும் அதிலேயே போய் விழுந்தோம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, குரலுக்கு ஒரு வரப்பாகப் பிரித்து நிறுத்தினேன். “அவ பக்கம் காதக் குடுக்காத. உன் வரப்பப் பாத்துப் பாடிக்கினு போ” என்றேன். கொல்லைக்காரர் வந்து யார் செத்தது என்று விசாரித்தார். லத்தீன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தோம். மல்லாட்டை பிடுங்குவதற்குள் தோளோடு தோள் நின்று பாடினோம். ஒருத்தியும் தடம் மாறவில்லை.

விழுப்புரம் கோயிலில் கூட்டம் நெரிந்தது. பாட்டின் நடுவே நாத்தனாருக்குக் குரல் அடைத்துக்கொண்டது. மேல்குரல் நின்றதும் பழைய புத்தியில் மற்றவையும் தடுமாறின. நான் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கொல்லையில் தனியாக நிற்பதாக நினைத்து என் கீழ்க்குரலை இழுத்துப் பிடித்தேன். அதைக் கேட்டு நடுக்குரல்கள் திரும்பி வந்தன. கடைசியில் நாத்தனாரும் வந்தார். பாட்டை முடிக்கும் ‘ஆமென்’ என்ற சொல்லில் நான்கு குரலும் சேர்ந்து எழுந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடேயப்பா, அப்படி ஒரு சந்தோஷம்!

வெளியே வந்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்தார். “வர்ற ஞாயித்துக்கெழம முன்னாடி வந்து நில்லு.”

“பின்னாடியே நிக்கிறேன் அண்ணி” என்றேன். “அங்கேர்ந்தே கேக்கும்.”