நஸீமா, வலது கன்னம்

“...என் மூஞ்சியில இருந்த கிருமிதான், இல்லேங்கல. அதுக்கு எதுக்கு மல்லிகாக்கா என் பேரை எழுதி வச்சீங்க?”

நஸீமா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எங்கள் லேபைச் சுற்றிப் பார்க்க வந்த கூனிமேட்டுப் பெண்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

எங்களுடையது இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு சின்ன மூலிகை யூனிட். வேப்பிலை, மஞ்சள், சிப்பிக் காளான் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுப்போம். அது பருக் கிருமியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. படித்து வந்தவள் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தே பழகியவள்.

பருக் கிருமி கூச்சக்காரக் கிருமி, காற்றுப் பட்டால் வளராது. பருவைப் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து, கிருமி வளர்க்கும் கண்ணாடி பிளேட்டில் தடவி, சாறு நனைத்த சின்னக் காகித வில்லைகளை வைத்து, காற்றுப் புகாத ஜாடியில் மூட வேண்டும். சாறு வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் தெரியும். வெறும் ஸ்பிரிட் வில்லையும் ஒன்று உண்டு. இல்லாவிட்டால் ஸ்பிரிட் செய்த வேலைக்கு வேப்பிலைக்கு மாலை போட்டுவிடுவோம்.

பரு கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது. பேக்கிங்கில் இருந்த நஸீமாதான், கண்வரை ஏற்றிய துப்பட்டாவை எனக்காக இறக்கினாள்.

“யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. நிக்காஹ் பேசியிருக்காங்க. மாப்பிள்ளையோட அம்மா, அந்த மாமிக்கு போன்ல ஃபில்டர் போட்ட மூஞ்சிதான் தெரியும்.”

“என் வாயிலிருந்து வராது, போ” என்றேன். வாயிலிருந்து வரவில்லைதான்.

பிளேட்டின் அடியில் எண் போடுவதுதான் முறை. எனக்கு எண் மனதில் நிற்காது, ஆட்கள்தான் நிற்பார்கள். ‘நஸீமா, வலது கன்னம்’ என்று எழுதினேன். ஜாடிக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அந்தப் பிளேட்டில் காளான் சாற்று வில்லையைச் சுற்றி வட்டம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. பெருமை தாங்காமல் மூடிக்கு டேப் ஒட்டி, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மேசையின் முன்வரிசையில் வைத்தேன். வந்தவர்களில் ஒரு அம்மா அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

“அடியே, இது நம்ம நஸீமாவா? எங்க வூட்டுக்கு வரப்போற புள்ள கன்னத்துலயா இவ்ளோ பயிரு?”

அவர்தான் மாமி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேக்கிங் மேசையில் நஸீமாவின் கை நின்றுவிட்டது.

“இது எல்லார் மூஞ்சியிலயும் இருக்குறதுதாங்க” என்றேன்.

“அப்ப எல்லார் பேரையும்ல எழுதியிருக்கணும்? அவ பேரு மட்டும் எதுக்கு?” என்றார் மாமி.

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். காதெல்லாம் எரிந்தது. லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: எண்ணை மட்டும் எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள். அன்று எனக்கு அதைச் சொல்ல ஆள் இருந்தது; கேட்கத்தான் நான் இல்லை.

அவர்கள் வாசலுக்குப் போனதும் நஸீமா என் முன்னால் வந்து கேட்ட கேள்விக்கு, “தப்புதான் நஸீமா” என்றேன், தரையைப் பார்த்து.

அவள் ஒரு பஞ்சுக் குச்சியைப் பிரித்தாள். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கோரம் இருந்த பருவை அழுத்தித் தேய்த்து, புதுப் பிளேட்டில் தடவி, அடியில் எழுதினாள்: ‘மல்லிகா, மூக்கு’. அதை நஸீமா பிளேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, இன்னொரு குச்சியைப் பிரித்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்ற மாமியை நோக்கி நடந்தாள்.