ஜன்னலுக்கு நேரே நின்றவர்

எங்கள் அரிமா ஊரில் மேக்ஸி என்கிற வாடகை வேன் ஓட்டிய லென்னக்ஸ் வாய்ச்சவடால் பேர்வழி. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, மூத்த மகள் மெரிஸாவின் பேச்சு வந்தால் மட்டும் வாயடைத்துப் போகிறார்.

பல வருஷத்துக்கு முன்பு, அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. எந்த மேல்பள்ளியில் இடம் என்பதை முடிவு செய்யும் பெரிய தேர்வு. அன்று ஊரிலுள்ள பெற்றோர் அத்தனை பேரும் பள்ளி வேலிக்கு வெளியே நிற்பார்கள். நிற்காதவருக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று பேராகிவிடும். லென்னக்ஸ் வண்டியை எடுக்காமல், மகளின் ஜன்னலுக்கு நேரே இடம் பிடித்தார்.

வகுப்பாசிரியை மிஸ் ஒலிவியே வேலியோரம் வந்தாள்.

"உங்க பொண்ணுக்குப் பாடமெல்லாம் தெரியும். பரீட்சைன்னாதான் பதறிடுறா. திகைச்சா பென்சிலைக் கீழ வெச்சிட்டு நிதானமா மூச்சு விடு, அப்புறம் தெரிஞ்ச கணக்கா பார்த்துப் போடுன்னு பழக்கியிருக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

"பெத்தவனைப் பார்த்தா தெம்புதான் மிஸ் வரும். பயமா வரும்?"

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மெரிஸா பென்சிலைக் கீழே வைத்தாள். லென்னக்ஸுக்கு ஆசிரியை சொன்னது ஒன்றும் நினைவில் இல்லை. எழுது, எழுது என்று கையை ஆட்டினார். அவள் எடுத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி ஆட்டினார்.

யாரும் விரும்பிக் கேட்காத பள்ளியில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. "பரீட்சை அறையில தூங்கின மகாராணி" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் லென்னக்ஸ். மெரிஸா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெரிய தேர்வுக்கும் அவள் போகவில்லை. பள்ளி முடிந்ததும் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் மகாராணிக் கதையை மறுபடி எடுத்தார். மெரிஸா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் தூங்கலைப்பா. மிஸ் சொன்ன மாதிரி மூச்சு விட்டுட்டிருந்தேன். நீங்க கை ஆட்டினதும் பயந்து பென்சிலை எடுத்துடுவேன். எடுத்தா ஒண்ணுமே ஞாபகம் வராது."

லென்னக்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிப்பா சொல்றது? எனக்காக நாள் பூரா வெயில்ல நின்னுட்டு, சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு வந்தீங்க."